எஸ்சிடலோபிராம் வேலை செய்வது நின்றுவிட்டது போலிருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

தாமிரபரணி_மகள்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வந்ததற்காக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. எடுக்கிறேன். மூன்று வருடம் ஆகப்போகிறது. எனக்கு வங்கியில் கவுண்டர் வேலை. மாத்திரைக்கு முன்னால், வரிசையில் நாலு பேர் சேர்ந்தாலே கை நடுங்கும், ஒரே நோட்டுக் கட்டைத் திரும்பத் திரும்ப எண்ணுவேன். மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் அதெல்லாம் மெல்ல அடங்கியது. திரும்ப மனுஷியானேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கோடையிலிருந்து பழையபடி ஆகிவிட்டது. விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு, அதோடு நெஞ்சு படபடப்பு. பகலில் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பாரமாக இருக்கிறது. பிள்ளை வீட்டுப்பாடம் கேட்டால்கூட எரிச்சல் வருகிறது, பிறகு அதை நினைத்து அழுகை. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. வீட்டில் புதிதாக எந்தப் பிரச்சினையும் இல்லை. காரணம் ஒன்று தெரிந்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

டாக்டரிடம் போனேன். வெளியே அவ்வளவு கூட்டம், உள்ளே எனக்குக் கிடைத்தது சில நிமிடம். "அதையே தொடருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் "உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது, இனி கேட்காது" என்கிறார். அப்படி உண்டா? இது கேட்கவில்லை என்றால் எனக்கு வேறு எதுவுமே கேட்காதா? விட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பழைய_பயணி

முதலில் ஒன்று: நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம்.

என் தம்பி செர்ட்ராலின் எடுத்துக்கொண்டிருந்தான், அதுவும் இதே மாதிரி மனச்சோர்வு மாத்திரைதான். "இனி இது வேலைக்கு ஆகாது" என்று அவனாகவே முடிவு பண்ணி ஒரே நாளில் விட்டான். சில நாளில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரன்ட் அடிக்கிற மாதிரி சுரீர் சுரீர் என்று உணர்வு, ராத்திரி முழுக்க விநோதமான கனவுகள். நோய்தான் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்தோம். அதில் பெரும்பகுதி மருந்தைச் சட்டென்று விட்டதால் வந்த தொல்லை. திரும்ப ஆரம்பித்ததும் அடங்கியது. பரோக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் மாதிரி உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் இது இன்னும் கடுமையாக வரும். அரைகுறையாகக் கேட்கிற மருந்தும் கொஞ்சமாவது தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் மெல்லக் குறைத்து, பக்கத்திலேயே அடுத்ததை ஏற்றி மாற்றுவார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் சொந்தப் பதில்: வேறு மருந்து கேட்கும். எனக்கு முதல் மருந்து சில வருடங்கள் நன்றாக ஓடி அப்புறம் மங்கியது. இப்போது வேறொன்றில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன்.

மருந்துக்கடை_அண்ணன்

நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. ஆனால் "மாத்திரை கேட்கவில்லை" என்று கவுண்டரில் வந்து நிற்பவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பதை உங்களிடமும் கேட்கிறேன்.

பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் எஸ்சிடலோபிராம் தனியாகவும் வருகிறது, தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் க்ளோனாசெபாம் சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் வருகிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், வாலில் ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம். முன்பு கூட்டு மாத்திரை சாப்பிட்டவருக்கு இப்போது வெறும் எஸ்சிடலோபிராம் கைக்கு வந்தால் க்ளோனாசெபாம் சட்டென்று நின்றுபோகும். தூக்கம் போகும், படபடப்பு வரும். பார்ப்பவர்கள் நோய் திரும்பிவிட்டது என்பார்கள்.

அடுத்து, வேறு ஏதாவது மருந்து புதிதாகச் சேர்ந்ததா, நின்றதா? காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் பல மருந்துகளைக் கல்லீரலில் வேகமாக உடைக்க வைக்கும், அதில் மனச்சோர்வு மாத்திரைகளும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைனும் அப்படித்தான். தலைகீழாகவும் நடக்கும். வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடும் ஒமெப்ரசோல் இரத்தத்தில் எஸ்சிடலோபிராம் அளவைக் கூட்டி வைத்திருக்கும், அதை நிறுத்தினால் அளவு இறங்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்களா? அது மனநிலையை நேரடியாகவே புரட்டிப் போடும்.

இன்னொன்று, வலி மாத்திரை கேட்கும்போது டிரமடால் உள்ளதை நீங்களாக வாங்க வேண்டாம். எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஆபத்தாகலாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்துக்கும் இதே எச்சரிக்கை.

கொங்கு_அக்கா

தங்கச்சி, வயது சொல்லவில்லையே. நாற்பதை ஒட்டி இருந்தால் தைராய்டு பார்த்தாயா? எனக்கு 44 வயதில் இதேதான் நடந்தது. நன்றாக இருந்த மாத்திரை திடீரென்று உப்புச்சப்பில்லாமல் போனது. டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை பார்த்தால் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது, அது ஏறினால் தைராய்டு குறைவு என்று அர்த்தம். தைராய்டு குறைந்தால் சோர்வு, மந்தம், அழுகை எல்லாம் வரும். அதைச் சரிபண்ணாமல் மனச்சோர்வு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனால் என்ன பிரயோசனம்?

அதோடு மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் பெண்களுக்கு மனச்சோர்வு திரும்பி வருவது சகஜம். நடுராத்திரி முழிப்பும் வியர்வையும் படபடப்பும் அதிலும் வரும். டாக்டரிடம் இதைச் சொல்ல நமக்குக் கூச்சம், கேட்க அவர்களுக்கு நேரமில்லை. நீயாகச் சொல்லிவிடு.

ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடு. சைவமாக இருந்தால் பி12 கட்டாயம்.

இயற்கைவழி

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். இந்த மாத்திரைகள் எல்லாம் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். மாத்திரைக்கு மேல் மாத்திரை என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். காலையில் நடை, மூச்சுப் பயிற்சி, ராத்திரி பாலில் அஸ்வகந்தா. நான் அப்படித்தான் மீண்டேன்.

பழைய_பயணி

நீங்கள் மீண்டதில் உண்மையான சந்தோஷம். நடையைப் பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் நாலு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு எழும் ஒருவரிடம் மருந்தை விடச் சொல்வது ஆபத்து. அஸ்வகந்தா தைராய்டு அளவை மாற்றக்கூடியது, அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. மருத்துவருக்குத் தெரியாமல் அதைச் சேர்க்கச் சொல்லாதீர்கள்.

இயற்கைவழி

மருந்தை இன்றே விடச் சொல்லவில்லை. மருந்து மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம் என்கிறேன். என் கருத்தில் மாற்றமில்லை.

உளவியல்_மாணவி

முதுகலை முடிக்கப் போகிறேன். "உடம்புக்குப் பழகிவிட்டது" என்பது பற்றி எழுத வேண்டும் போலிருந்தது.

பலன் மங்கிப்போவது உண்மையிலேயே நடக்கிறது. இங்கிலாந்தில் 478 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. எல்லோரும் நீண்ட காலம் மருந்து எடுத்து, நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு நலமாக இருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு மருந்து தொடர்ந்தது, மறுபாதிக்கு மெல்லக் குறைத்து வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குள் மருந்தை நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களிலும் 39 சதவீதம் பேருக்குத் திரும்பியது. தாமிரபரணி அக்கா, ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டும் திரும்பியது உங்களுக்கு மட்டும் நடந்த விபரீதம் இல்லை. அதே நேரம், தொடர்ந்தவர்கள் பக்கம் எண்ணிக்கை குறைவு என்பதையும் பாருங்கள்.

எதனால் மங்குகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. மூளை தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது என்று ஒரு விளக்கம் உண்டு. மனச்சோர்வே அலை அலையாக வரும் நோய், அடுத்த அலை மருந்தைத் தாண்டி வந்துவிட்டது என்பது இன்னொன்று. மேலே சொன்ன தைராய்டு, இரத்தசோகை, மருந்து மோதல் எல்லாம் தனி. பதற்றம் கூடியதை மருந்து நின்றதாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

வேறு மருந்து கேட்குமா என்ற கேள்விக்கு: அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து நடத்திய ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மருந்து சிடலோபிராம், உங்கள் மருந்தின் நெருங்கிய உறவு. அதில் முழுமையாகத் தேறியவர்கள் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான். தேறாமல் வேறு மருந்துக்கு மாறியவர்களிலும் ஏறக்குறைய நாலில் ஒருவர் தேறினார்கள். படிகள் ஏற ஏற வாய்ப்பு குறைந்தது. கடைசியில் மொத்தம் எவ்வளவு பேர் தேறினார்கள் என்ற கணக்கில் பின்னால் பெரிய சர்ச்சை வந்தது, அந்த மொத்த எண்ணை நான் நம்பிச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மருந்து கைவிட்ட பிறகும் கணிசமானவர்களுக்கு வழி கிடைத்தது என்பது நிற்கிறது.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது வேறு. மருந்து போதாதவர்களுக்கு அதோடு சி.பி.டி. என்ற உளவியல் சிகிச்சையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 469 பேரிடம் பார்த்தார்கள், முடிவு 2013இல் வந்தது. ஆறு மாதத்தில், சி.பி.டி. சேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் தொடர்ந்தவர்களில் 22 சதவீதம். நம் ஊரில் மருந்து மங்கினால் அளவைக் கூட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மருந்து கேட்காத மனிதருக்கு ஆலோசனை என்ற கதவும் உண்டு என்று யாரும் சொல்வதே இல்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

யாழ்_வாசகன்

நான் யாழ்ப்பாணம். எனக்கு நடந்தது கொஞ்சம் வித்தியாசமானது, ஆருக்காவது உதவும்.

ஒவ்வொரு மருந்தும் ஆரம்பத்தில் அபாரமாக வேலை செய்யும், பிறகு நின்றுபோகும். இப்படியே மருந்து மாறிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் கிளினிக்கில் என்னிடம் கேட்காமல் மனைவியிடம் கேட்டார்: "இவர் நித்திரையே இல்லாமல், ஆனால் களைப்பும் இல்லாமல், கனக்கக் கதைத்துக்கொண்டு, கண்டபடி காசு செலவழித்த காலம் இருந்ததா?" மனைவி உடனே ஓம் என்றார். எனக்கு அந்த நாட்கள் நல்ல நாட்களாகத்தான் ஞாபகம் இருந்தன. இருதுருவ நோய், அதாவது மனம் ஒரு காலம் அளவுக்கு மீறி எழும்பி, இன்னொரு காலம் தாழ்ந்து போகிற நோய் என்று அப்போதுதான் விளங்கியது. அதற்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சரிவராது, ஆளை அந்த எழும்பிய நிலைக்குத் தள்ளியும் விடலாம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் தொடங்கினார்கள், இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. அதன் பிறகுதான் வாழ்க்கை ஒரு சீருக்கு வந்தது.

ஆகவே, மருந்து அடிக்கடி நின்றுபோகிறவர்கள் கிளினிக்குக்குத் தனியே போகாதீர்கள். வீட்டில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சேலம்_சிவா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மருந்துக்கடை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு என் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் வேறு கடையில் வாங்கினேன். பழையதில் க்ளோனாசெபாம் 0.5 மி.கி. என்று இருக்கிறது, புதியதில் இல்லை. இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நானே பழையதை வாங்கிச் சாப்பிடலாமா?

மருந்துக்கடை_அண்ணன்

சிவா, இரண்டு அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போங்கள். நேரில் முடியாவிட்டால் போனிலாவது பேசுங்கள். க்ளோனாசெபாம் பழக்கமாகும் மருந்து, நீண்ட நாள் எடுத்தவர்கள் சட்டென்று விட்டால் சிலருக்கு வலிப்புகூட வரும். திரும்பக் கொடுத்து மெல்லக் குறைப்பதா, எந்த வேகத்தில் குறைப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கை உதறல், குழப்பம் இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாமிரபரணி_மகள்

எல்லோருக்கும் நன்றி. என் அட்டை மாறவில்லை, பார்த்துவிட்டேன். வேறு மருந்தும் இல்லை. வயது 41. மாதவிடாய் ஒரு வருடமாக அதிகமாகப் போகிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று விடியற்காலை உட்கார்ந்திருந்தபோது, காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று தோன்றியது. எதுவும் செய்துகொள்ள மாட்டேன். ஆனால் அந்த நினைப்பு வந்துவிட்டது.

கொங்கு_அக்கா

தங்கச்சி, சொன்னது ரொம்ப நல்லது. இதை இன்றைக்கே உன் வீட்டுக்காரரிடம் இதே வார்த்தையில் சொல். அலைபேசியில் நீ இங்கே எழுதியதைக் காட்டினாலும் போதும். வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை அவர் கையில் கொடு, தினமும் அவர் எடுத்துத் தரட்டும். டாக்டரை நாளையே பார், அடுத்த மாத முறைக்குக் காத்திருக்காதே.

14416க்குக் கூப்பிடு. அது டெலி மானஸ், அரசின் இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நாலு மணிக்கு முழிப்பு வரும்போது அந்த எண்ணுக்குக் கூப்பிடலாம், யாரையும் தொந்தரவு செய்கிறோம் என்று நினைக்காதே. நினைப்பு "செய்துவிடலாம்" என்று திரும்பினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

யாழ்_வாசகன்

இலங்கையில் வாசிப்பவர்களுக்கு 1926, தேசிய மனநல நிறுவனத்தின் எண்.

அக்கா, எல்லோருக்கும் நிம்மதி என்பது நோய் சொல்கிற கதை. எனக்கும் சொன்னது. என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது, அவளுக்கு நான் வேண்டும்.

பழைய_பயணி

நாளைக்கு டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், ஒரே பக்கம். எந்த மருந்து, எந்த அளவு, எப்போதிலிருந்து, எப்போது நன்றாக இருந்தது, எப்போதிலிருந்து சரிந்தது. தூக்கம். மாதவிடாய் விஷயம். நேற்று வந்த நினைப்பை முதல் வரியிலேயே எழுதுங்கள், கடைசியில் வைத்தால் நேரம் முடிந்துவிடும். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் தமிழிலும் இருக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண். அதைப் போட்டு எண்ணை எழுதினால், "கொஞ்சம் சரியில்லை டாக்டர்" என்பதைவிட அது வேகமாகப் புரியும். தாளை அவர் மேசையில் வையுங்கள். சீட்டு எழுத ஆரம்பிக்கும் முன் "அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா, வேறொன்று சேர்ப்பதா? ஏன்?" என்று கேளுங்கள்.

அந்தக் கிளினிக்கில் நேரமே கிடைக்காது என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் மருந்து இலவசம், இரத்தப் பரிசோதனையும் அங்கேயே.

தாமிரபரணி_மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் படித்தார், மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். வேறு மருத்துவரைப் பார்த்தோம். அந்த மருத்துவர் தாளை முழுக்கப் படித்தார். தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 8.4, ரொம்பக் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் இரத்தசோகை மட்டுமே காரணம் என்று தான் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். எஸ்சிடலோபிராமை 15 ஆக்கியிருக்கிறார், ஆறு வாரம் பார்த்துவிட்டுப் போதவில்லை என்றால் வேறு வகைக்கு மாறலாமாம். உளவியலாளரை ஒரு தடவை பார்த்தேன். தினமும் ஒரு சின்ன வேலையை, மனம் வந்தாலும் வராவிட்டாலும், எழுதி வைத்த நேரத்தில் செய்யச் சொன்னார். சாயங்காலம் பிள்ளையோடு தெருமுனை வரை நடக்கிறேன்.

சரியாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த நினைப்பு குறைந்திருக்கிறது. முழிப்பு இன்னும் வருகிறது. அளவு கூட்டிய முதல் வாரம் படபடப்பு அதிகமாகவே இருந்தது, அது வழக்கமா? இரும்பு மாத்திரையையும் இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

உளவியல்_மாணவி

அக்கா, அந்தச் சின்ன வேலை எழுதி வைத்துச் செய்வது விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் அது சி.பி.டி.யின் முக்கியமான பகுதி. ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், மருந்தைப் போலவே.

மருந்துக்கடை_அண்ணன்

அளவு கூட்டிய முதல் ஒன்று, இரண்டு வாரம் படபடப்பு கூடுவது பலருக்கு உண்டு, பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் இருப்புக்கொள்ளாத தவிப்பாக மாறினால், அல்லது அந்தப் பழைய நினைப்பு கூடினால், ஆறு வாரம் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரி சாப்பிடுகிறீர்கள் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று கேட்டுப் பாருங்கள், சிலருக்குத் தூக்கம் மேம்படும்.

இரும்பு மாத்திரை இதோடு மோதாது. டீ, காபியோடு மட்டும் சாப்பிடாதீர்கள், சத்து ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தலைவலி, மூட்டுவலி என்று இபுப்ரொஃபென் மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்க வேண்டாம். எஸ்சிடலோபிராமோடு அது இரத்தக்கசிவைக் கூட்டும், உங்களுக்கு ஏற்கனவே இரத்தம் குறைவு. பாராசிட்டமால் போதும்.